வீட்டுக்கு முதல் லெப்டொப்: அப்டேட்டை நிறுத்தாமல் டேட்டாவைக் காப்பாற்ற

திருகோணமலை நிலாவெளியில் இருக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருப்பது இது. மகளுக்குக் கோணேசபுரி கம்பஸில் இடம் கிடைத்திருக்கிறது. வீட்டுக்கு முதல் முதலாக ஒரு லெப்டொப் வாங்கியிருக்கிறார்கள். ஃபோன் ஹொட்ஸ்பொட்டில் இணைத்தார்கள். மாதத்துக்கென்று போட்ட டேட்டா ஒரே இரவில் முடிந்துவிட்டது. பக்கத்து வீட்டுத் தம்பி வந்து பார்த்து, விண்டோஸ் அப்டேட்தான் எல்லாவற்றையும் இழுத்திருக்கிறது என்று அதை நிறுத்திவிட்டார். இனி ஒருநாளும் அப்டேட் போட வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது சரியா, வீட்டுக்கு எந்த இணைப்பு எடுப்பது என்பதுதான் கேள்வி.

தங்கச்சி, தம்பி நோயைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறார். மருந்துதான் பிழை. டேட்டாவைக் குடித்தது அப்டேட்தான். ஆனால் அதை அடியோடு நிறுத்தினால் நாளைக்கு வருவது டேட்டா போனதைவிடப் பெரிய நட்டமாக இருக்கும். அப்டேட் எப்போது வர வேண்டும், எந்த இணைப்பில் வர வேண்டும் என்பதை நாங்கள் தீர்மானிக்கலாம். அதை விளங்கிக்கொண்டால் எந்த இணைப்பு எடுப்பது என்ற கேள்விக்கும் பாதி விடை வந்துவிடும்.

முதலில் அந்த இரவு என்ன நடந்தது என்று பார்ப்போம். கடையில் வாங்குகிற லெப்டொப், பெட்டிக்குள் பல மாதம் இருந்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறது. அந்த மாதங்களில் வந்த திருத்தங்கள், அதாவது அப்டேட்டுகள், எல்லாம் அதற்குப் பாக்கி. இணையம் கிடைத்தவுடன் விண்டோஸ் தன் பாக்கியை எடுக்கத் தொடங்கும்; லெப்டொப்பைச் செய்த கம்பனியின் டிரைவர்கள், அதாவது அதன் பாகங்களை இயக்குகிற மென்பொருள்கள், வரும்; ஸ்டோரில் இருக்கும் செயலிகள் தம்மைப் புதுப்பிக்கும்; ஒஃபீஸ் இருந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். எல்லாம் கூடினால் பல ஜிபி. ஹொட்ஸ்பொட்டும் லெப்டொப்பின் கண்ணுக்கு ஒரு வைஃபைதான். அளந்து வாங்கிய டேட்டா என்று நாங்கள் சொல்லாதவரைக்கும் அதற்குத் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. எங்கள் சிம் பெக்கேஜ்களில் டேட்டா பல கூறாகத்தான் வரும். யூடியூப்புக்கு, வட்ஸ்அப்புக்கு, இரவு நேரத்துக்கு என்று தனித்தனியாக இருக்கும். எந்த நேரமும் எதற்கும் பாவிக்கக்கூடிய பங்கு அதில் சிறியது. அப்டேட் அந்தச் சிறிய பங்கிலிருந்துதான் போகும். அதனால்தான் "இத்தனை ஜிபி போட்டேனே, எங்கே போச்சு" என்று எல்லாருக்கும் தோன்றுகிறது.

இன்றைக்கே செய்ய வேண்டியது இது. ஹொட்ஸ்பொட்டில் இணைந்திருக்கும்போது செட்டிங்ஸுக்குப் போங்கள். நெட்வொர்க் அன்ட் இன்டர்நெட், அதற்குள் வைஃபை, அதற்குள் நீங்கள் இணைந்திருக்கும் பெயரின் புரொப்பர்ட்டீஸ். அங்கே மீட்டர்ட் கனெக்ஷன் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதை ஒன் செய்துவிடுங்கள். அவ்வளவுதான். இந்த இணைப்பில் வருவது அளந்து வாங்கிய டேட்டா என்று விண்டோஸுக்குத் தெரிந்துவிடும். பெரிய அப்டேட்டுகளைத் தானாக இறக்காது. படங்களையும் கோப்புகளையும் பின்னால் இருந்து இணையத்துக்கு ஏற்றிக்கொண்டிருக்கும் மைக்ரோசொஃப்டின் வன்டிரைவ் (OneDrive) செயலியும் நிறுத்திக்கொள்ளும். இந்த சுவிட்ச் ஒவ்வொரு வைஃபைக்கும் தனித்தனி. அம்மாவின் ஃபோனுக்கு ஒன் செய்தால் மாமாவின் ஃபோனுக்கும் சேர்த்துச் செய்ததாகாது.

ஆனால் இந்த சுவிட்சைப் போட்டுவிட்டு மறந்துவிட்டால், தம்பி செய்ததையே நாங்கள் இன்னொரு வழியால் செய்ததாகிவிடும். மாதத்தில் ஒருமுறையாவது அப்டேட்டை நாங்களே கூப்பிட்டு உள்ளே விட வேண்டும். ஏன் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான சாட்சி 2017இல் நடந்தது. அந்த வருடம் மார்ச் 14ஆம் திகதி மைக்ரோசொஃப்ட் விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டையை அடைக்கிற பாதுகாப்புத் திருத்தத்தை வெளியிட்டது. மே 12ஆம் திகதி, அந்த ஓட்டைக்குள்ளால் நுழைகிற வன்னாக்ரை என்ற வைரஸ் உலகமெங்கும் பரவியது. 150க்கும் மேற்பட்ட நாடுகளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளின் கோப்புகளைப் பூட்டி, திறக்கக் காசு கேட்டது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தது. திருத்தத்துக்கும் தாக்குதலுக்கும் இடையில் 59 நாட்கள் இருந்தன. அந்த 59 நாட்களுக்குள் அப்டேட்டைப் போட்டிருந்த கணினிகளுக்குள் அந்த ஓட்டையால் நுழைய முடியவில்லை. அந்த வைரஸ் பரவுவதற்கு யாரும் எதையும் கிளிக் செய்யக்கூடத் தேவைப்படவில்லை. ஒரே வலையில் இருந்தாலே போதும். கம்பஸில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஒரே வைஃபையில் இருப்பார்கள் என்பதை இதோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

ஒரு திருத்தம் வெளியானவுடன், எந்த ஓட்டை அடைக்கப்பட்டது என்பது நல்லவனுக்கும் கெட்டவனுக்கும் ஒரே நேரத்தில் தெரிகிறது. அடைக்காத வீடுகளை அவன் தேடத் தொடங்குவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். ஆகவே, அப்டேட் போடாத கணினி இருந்த இடத்தில் இருக்கிறது என்று நினைக்கக் கூடாது. நாளுக்கு நாள் ஆபத்துக்குக் கிட்டப் போய்க்கொண்டிருக்கிறது.

தம்பி எப்படி நிறுத்தினார் என்று நீங்கள் சொல்லவில்லை. விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் பாஸ் என்பதை அழுத்தியிருந்தால் பயமில்லை. அங்கேயே ரிஸ்யூம் இருக்கும். பெரும்பாலும் இங்கே பிள்ளைகள் செய்வது வேறு. ஸ்டார்ட்டில் சர்விசஸ் என்று தேடித் திறந்து, விண்டோஸ் அப்டேட் என்ற வரியை டிசேபிள் செய்வார்கள். அப்படியென்றால் அதே வரியை இரண்டு தரம் கிளிக் செய்து, ஸ்டார்ட்அப் டைப்பை மெனுவல் என்று மாற்றி, அப்ளை கொடுத்து, ஸ்டார்ட்டை அழுத்துங்கள். பிறகு அப்டேட் பக்கத்தில் செக் ஃபோர் அப்டேட்ஸ் அழுத்தினால் அது தேடத் தொடங்க வேண்டும். பிழை காட்டினால், தம்பியையே கூப்பிட்டு என்ன செய்தார் என்று கேட்டுத் திருப்பிச் செய்யச் சொல்லுங்கள். உதவி செய்யும் மனத்தோடு வந்த பிள்ளை, இதையும் செய்து தருவார்.

அப்புறம், எப்போது கூப்பிடுவது? மைக்ரோசொஃப்ட் மாதாந்தப் பாதுகாப்புத் திருத்தங்களை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, அமெரிக்க மேற்குக் கரை நேரம் காலை 10 மணிக்கு வெளியிடுகிறது. எங்களுக்கு அது செவ்வாய் இரவு பத்தரை அல்லது பதினொன்றரை. அதாவது புதன் காலையில் எழும்பும்போது காத்துக்கொண்டிருக்கும். நான் என் சொந்தக் கணினிகளில் அன்றைக்கே போடுவதில்லை. நாலைந்து நாள் பொறுத்து அந்த வார இறுதியில் போடுகிறேன். அப்டேட்டிலேயே பிழை இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். அப்படி நடந்தும் இருக்கிறது. 2018 ஒக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு ஒன்று சிலருடைய கோப்புகளை அழித்துவிட்டது. மைக்ரோசொஃப்ட் அதை உடனே திருப்பி எடுத்துக்கொண்டது. "அப்டேட் போட்டால் மெஷின் பழுதாகும்" என்ற பயம் அடியோடு பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு மருந்து சில நாள் பொறுப்பதும், மகளின் பாடக் குறிப்புகளை ஒரு பென்டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்கிலோ இன்னொரு பிரதி எடுத்து வைப்பதும்தான். வருடத்துக்கு ஒருமுறை வருகிற பெரிய பதிப்புக்கு முன்னால் அந்தப் பிரதி கட்டாயம் வேண்டும்.

இரவு டேட்டா உள்ள பெக்கேஜ் என்றால் அதை இதற்குத்தான் பாவிக்க வேண்டும். அது எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது என்பதைக் கம்பனியின் செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள். பெக்கேஜுக்குப் பெக்கேஜ் வேறுபடும். விடியப்புறம் நாலு மணிக்கு எழும்புகிற வீடு என்றால் எழும்பியதும் மீட்டர்ட்டை ஓஃப் செய்து, சார்ஜரைப் பிளக்கில் மாட்டி, செக் ஃபோர் அப்டேட்ஸை அழுத்திவிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போகலாம். லெப்டொப் நடுவில் தூங்கிவிடாமல் இருக்க, பவர் செட்டிங்ஸில் சார்ஜரில் இருக்கும்போது ஸ்லீப் வேண்டாம் என்று ஒருமுறை மாற்றிவிடுங்கள். முடிந்ததும் மீட்டர்ட் மறுபடியும் ஒன். கம்பஸ் தொடங்கிய பிறகு அங்குள்ள வைஃபையிலும் இதைச் செய்யலாம். ஆனால் பரீட்சை நாளன்று காலையில் வேண்டாம்.

இறக்கி முடிந்ததும் ரீஸ்டார்ட் கேட்கும். இங்கே பலர் ஒரு விஷயத்தைத் தவற விடுகிறார்கள். சாதாரணமாக ஷட்டவுன் செய்தால் பெரும்பாலான லெப்டொப்கள் உள்ளே சிலதை அப்படியே வைத்துக்கொண்டுதான் படுக்கின்றன. மறுநாள் கெதியாக எழும்புவதற்காக. அதனால் ரீஸ்டார்ட் என்பதையே அழுத்துங்கள். சதவீதம் ஓடிக்கொண்டிருக்கும்போது பவர் பட்டனைப் பிடித்து அணைக்க வேண்டாம், அரை மணி நேரம் ஆனாலும். லெப்டொப்பை முதலில் எழுப்புகிற அடிப்படை மென்பொருளுக்கு, பயோஸ் அல்லது ஃபேர்ம்வெயார் என்ற பெயரில் ஏதாவது வந்தால் இன்னும் கவனம்: பேட்டரியில் நிறையச் சார்ஜ் இருந்து, சார்ஜரும் மாட்டியிருந்தால் மட்டும் விடுங்கள். அது பாதியில் நின்றால் லெப்டொப் எழும்பாமலே போகலாம்.

அப்டேட் பக்கத்தில் அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸுக்குள் டெலிவரி ஒப்டிமைசேஷன் என்று ஒன்று இருக்கிறது. நீங்கள் இறக்கிய அப்டேட்டை வேறு கணினிகளுக்கும் பகிர்ந்துகொடுக்கிற ஏற்பாடு அது. ஒரே வீட்டில் இரண்டு லெப்டொப் இருந்தால் நல்லது. ஒருமுறை இறக்கினால் போதும். இணையத்தில் இருக்கிற ஊர் பேர் தெரியாத கணினிகளுக்கும் கொடுக்கும்படி இருந்தால், உங்கள் டேட்டா மேல்நோக்கியும் போகும். வீட்டு வலைக்குள் மட்டும் என்பதைத் தெரிவு செய்துவிடுங்கள்.

இனி இணைப்பு. என் அபிப்பிராயத்தை மறைக்காமல் சொல்கிறேன்: உங்கள் ஒழுங்கைக் கம்பத்தில் ஃபைபர் இருந்தால் யோசிக்காமல் அதை எடுங்கள். இல்லையென்றால் 4ஜி ரவுட்டர், அதாவது சிம் போட்டால் வீட்டுக்கு வைஃபை தருகிற பெட்டி. ஃபோன் ஹொட்ஸ்பொட் அவசரத்துக்கு மட்டும். பழைய செப்புக் கம்பித் தொலைபேசி இணைப்பில் வருகிற ஏடிஎஸ்எல், எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம் கூடக் கூட மெலிந்துகொண்டே போகும். ஃபைபரில் ஒளி போகிறது. நிலாவெளிக்கும் நகரத்துக்கும் இடையில் உள்ள தூரம் அதற்கு ஒரு பொருட்டில்லை. மழையில் உப்புக் காற்றில் கறள் பிடிக்கிற மூட்டுக்களும் குறைவு. கேபிள் மட்டும் கூர்மையாக மடியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளே இருப்பது கண்ணாடி இழை.

4ஜி என்றால் எந்தக் கம்பனி நல்லது என்று என்னைக் கேட்காதீர்கள். உங்கள் வீட்டுக் கூரையைத்தான் கேட்க வேண்டும். திருகோணமலை மேடும் மலையும் குடாவுமாக இருக்கிற ஊர். உவர்மலையில் நாலு கோடு காட்டுகிற சிம் உப்புவெளியில் ஒரு வீட்டில் இரண்டு காட்டும், பத்து வீடு தள்ளி மறுபடியும் நாலு காட்டும். ஆகவே டயலொக், எஸ்எல்டி மொபிட்டல், ஹட்ச் எது கையில் கிடைக்கிறதோ, சொந்தக்காரரிடம் இரண்டு மூன்று சிம்மை ஒருநாள் வாங்குங்கள். ரவுட்டர் வைக்கப்போகிற அறையிலேயே, ஜன்னல் ஓரத்தில், இரவு எட்டுக்கும் பத்துக்கும் இடையில் சோதித்துப் பாருங்கள். பகல் பதினொரு மணிக்குச் சோதித்தால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். கோபுரத்தின் வேகம் அதில் தொங்குகிற எல்லாருக்கும் பங்கு. இரவில் எல்லாரும் வீட்டில். உங்கள் பக்கம் வெள்ளைக்காரர் வந்து தங்குகிற மாதங்களில் அந்தப் பங்கு இன்னும் சிறுக்கும். கம்பனி தருகிற ரவுட்டர் வேறு சிம்முக்கு வேலை செய்யுமா என்பதையும் வாங்குமுன் கேளுங்கள். பூட்டிய ரவுட்டர் என்றால் நாளைக்கு மாறவேண்டி வந்தால் புதிதாக வாங்க வேண்டியிருக்கும்.

வேகக் கணக்கு ஒன்று சொல்கிறேன், பெக்கேஜ் விளம்பரத்தைப் பார்க்கும்போது உதவும். விளம்பரத்தில் இருப்பது எம்பிபிஎஸ், அதாவது மெகாபிட். கோப்பின் அளவு மெகாபைட். ஒரு பைட்டுக்கு எட்டு பிட். ஆகவே 10 எம்பிபிஎஸ் இணைப்பில் 1 ஜிபி அப்டேட் இறங்க ஏறத்தாழ 13 நிமிடம், 4 ஜிபி பதிப்பு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைய. மகளின் ஸூம் வகுப்புக்கு 4 எம்பிபிஎஸ் நிலையாகக் கிடைத்தால் தாராளம். ஆனால் வீடியோவோடு ஒரு மணி நேர வகுப்பு 1 ஜிபி அளவில் டேட்டா எடுக்கும். அதனால் உங்கள் வீட்டுக்கு வேகத்தைவிட டேட்டாவின் அளவுதான் முக்கியம். "அன்லிமிடெட்" என்று போட்டிருந்தால், எத்தனை ஜிபிக்குப் பிறகு வேகம் குறைப்பார்கள் என்று கேட்டு, பதிலை எழுதி வாங்குங்கள்.

மின்னலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சில வருடங்களுக்கு முன் ஓர் ஐப்பசி இரவு, உப்புவெளியில் அக்கா வீட்டில் இடி விழுந்தது. பிளக் எல்லாம் கழற்றித்தான் இருந்தது. தொலைபேசி வயரை மட்டும் யாரும் நினைக்கவில்லை. அந்த வயரால் வந்தது ரவுட்டரை எரித்து, ரவுட்டரையும் கணினியையும் இணைத்த லேன் கேபிளால் போய்க் கணினியின் மதர்போர்டையும் கொண்டுபோனது. மருமகனின் ஏ.எல். குறிப்புகள் இருந்த ஹார்ட் டிஸ்க் தப்பியது அதிர்ஷ்டம். அன்றிலிருந்து, வானம் இருண்டால் நான் கரண்ட் பிளக்கோடு தொலைபேசி வயரையும் லேன் கேபிளையும் சேர்த்துக் கழற்றுகிறேன். ஃபைபர் இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் அதன் பெட்டிக்குக் கரண்ட் போகிறதே, அந்தப் பிளக்கைக் கழற்றத்தான் வேண்டும்.

கரண்ட் போகும் நேரத்துக்கு ரவுட்டருக்கு ஒரு மினி யூபிஎஸ், அதாவது சின்ன பேட்டரிப் பெட்டி, வாங்கலாம். 2022இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில் பல பிள்ளைகள் இதை வைத்துத்தான் படித்தார்கள். ரவுட்டர் அடப்டரின் முதுகில் எத்தனை வோல்ட், எத்தனை அம்பியர் என்று பார்த்து அதற்குப் பொருந்தியதை வாங்குங்கள். அநேகமாக 12 வோல்ட் இருக்கும். வோல்ட் பிழையாக இருந்தால் ரவுட்டர் போய்விடும்.

ரவுட்டர் வந்த அன்றே, அடியில் ஸ்டிக்கரில் இருக்கிற கடவுச்சொற்களை மாற்றிவிடுங்கள். வைஃபைக்கு ஒன்று, ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்துக்கு இன்னொன்று. வைஃபை கடவுச்சொல் ஒழுங்கை முழுவதும் தெரிந்துவிட்டால் மேலே சொன்ன கணக்கு எதுவும் சரிவராது.

பொய் அப்டேட்டுகளையும் மகளுக்குச் சொல்லிவையுங்கள். ஏதாவது இணையப் பக்கம் பார்க்கும்போது "உங்கள் குரோம் பழையது, இதை அழுத்துங்கள்" என்றோ "வைரஸ் இருக்கிறது, இந்த நம்பருக்கு எடுங்கள்" என்றோ வந்தால் அது திருட்டு. பக்கத்தை மூடிவிட வேண்டும். விண்டோஸ் அப்டேட் செட்டிங்ஸுக்குள் மட்டும்தான் வரும். குரோம் தன்னைத் தானே புதுப்பிக்கும். இடைக்கிடை மூடித் திறந்தால் போதும். டிரைவர்களை எல்லாம் புதுப்பித்துத் தருகிறோம் என்று சொல்கிற செயலிகளும் வேண்டாம். வைரஸ் காவலுக்கு விண்டோஸோடு வருகிற டிஃபெண்டர் ஒரு மாணவிக்குப் போதும் என்பது என் கருத்து.

லெப்டொப் பாவித்ததா, புதிதா என்று நீங்கள் எழுதவில்லை. பாவித்தது என்றால் இரண்டு விஷயம் பாருங்கள். விண்டோஸ் 10 ஆக இருந்தால், அதற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. இன்டெல் சிப் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருந்தால் பெரும்பாலும் விண்டோஸ் 11க்கு இலவசமாக மாறலாம். இரண்டாவது, செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் எக்டிவேஷன். அங்கே உங்கள் நிறுவனத்தின் சேவையால் எக்டிவேட் செய்யப்பட்டது என்ற மாதிரி எழுதியிருந்தால், வீட்டு லெப்டொப்பில் அது கிராக் செய்த, அதாவது காசு கொடுக்காமல் திருட்டுத்தனமாகப் போட்ட, விண்டோஸின் அடையாளமாக இருக்கலாம். கிராக் போடுகிறவர்கள் டிஃபெண்டரை அணைத்துவிட்டுத்தான் போடுவார்கள். கோப்புகளைப் பூட்டுகிற வைரஸ்கள் எத்தனையோ அந்தக் கிராக்குகளுக்குள் ஒளிந்துதான் வருகின்றன. விற்றவரிடம் கேட்டுச் சரியான விண்டோஸைப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று, இதை இன்றிரவே செய்யுங்கள். புதிய விண்டோஸ் 11 லெப்டொப்களில் மைக்ரோசொஃப்ட் கணக்கால் உள்ளே போனவுடன், ஹார்ட் டிஸ்க் பிட்லொக்கர் என்ற பூட்டால் தானாகவே பூட்டப்பட்டுவிடுவது உண்டு. நாளாந்தம் தெரியாது. பயோஸ் அப்டேட் ஒன்றுக்குப் பிறகோ, கடையில் திருத்தக் கொடுத்தபோதோ, திடீரென்று நீலத் திரையில் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது இல்லாமல் உள்ளே இருப்பது எதையும் எடுக்க முடியாது, கடைக்காரராலும் முடியாது. சாவி மகளின் மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கும். ஃபோனில் அந்தக் கணக்குக்குள் போய், டிவைசஸ் பகுதியில் லெப்டொப்பின் பெயருக்குக் கீழே பிட்லொக்கர் என்று இருப்பதைத் திறந்து, 48 இலக்கத்தையும் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். ஒருவர் வாசிக்க ஒருவர் சரிபார்த்து, அந்தத் தாளைப் பிறப்புச் சான்றிதழும் கம்பஸ் கடிதமும் இருக்கிற ஃபைலுக்குள் வைத்துவிடுங்கள்.